வேட்டையும் பரிகாரமும்: பொய் அடையாளத்தில் ஊடுருவும் உளவு அதிகாரியை வைத்து நாவல் எழுதும் முறை

இந்த வகைக் கதைகள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் உடைகின்றன. தீவிரவாதியைத் தேடும் கதை ஒரு தண்டவாளத்தில் ஓடுகிறது. அதிகாரியின் பழைய குற்றவுணர்வு பக்கத்துத் தண்டவாளத்தில். முப்பது பக்கத்துக்கு ஒருமுறை அவர் ஜன்னலோரம் நின்று பழைய புகைப்படம் ஒன்றைப் பார்ப்பார், ஒரு பெருமூச்சு விடுவார், மறுபடி துரத்தல் தொடங்கும். கடைசியில் தீவிரவாதி சாகிறான். பழைய பாவமும் அதோடு எப்படியோ கரைந்துவிட்டதாக வாசகர் நம்ப வேண்டும்.

நம்ப மாட்டார். தீவிரவாதியைப் பிடிப்பது அந்த அதிகாரியின் வேலை. அதற்குச் சம்பளம் வாங்குகிறார். சம்பள வேலையை முடித்ததற்காகப் பழைய கணக்கு தீராது. ஆகவே வேட்டையே அவரைப் பழைய தவறை மறுபடி செய்யத் தூண்ட வேண்டும். செய்தால் எதிரி கையில் கிடைப்பான், செய்யாவிட்டால் நழுவலாம். இந்த முடிச்சைப் போடுவதுதான் முழு வேலையும். கீழே சொல்வதெல்லாம் அதற்கான வழி.

அளவை முதலில் முடிவு செய்யுங்கள். 70,000 சொல் நாவல் என்றால் 40 அத்தியாயம், ஒன்றுக்கு 1,750 சொல் வாக்கில். வாரத் தொடர் என்றால் 30 வாரம், வாரத்துக்கு 1,500 சொல், மொத்தம் 45,000. தொடருக்கு இரண்டு இடங்கள், ஆறு முக்கிய ஆட்கள் போதும். அதற்கு மேல் போனால் பத்தாவது வாரத்தில் யார் யாருடைய ஆள் என்று வாசகருக்கு மறந்துபோகும்.

முதலில் குற்றம், பிறகுதான் நாயகன்

நாயகனின் பெயர், வயது, தாடி எதையும் யோசிக்கும் முன் ஒரு தாளில் ஐந்து கேள்விக்குப் பதில் எழுதுங்கள். யார் பாதிக்கப்பட்டார்? அந்த நொடியில் அதிகாரிக்கு என்ன தெரியும்? வேறு என்ன செய்திருக்க முடியும்? ஏன் செய்யவில்லை? இன்றைக்கு இது யார் யாருக்குத் தெரியும்? நான்காவது கேள்விக்குப் பதில் 'மேலிடத்து உத்தரவு' என்று மட்டும் இருந்தால் தாளைக் கிழித்துவிட்டு மறுபடி தொடங்குங்கள். உத்தரவுக்குப் பின்னால் அவருடைய சொந்தச் சம்மதம், பயம், பதவி ஆசை, களைப்பு ஏதாவது ஒன்று ஒளிந்திருக்க வேண்டும். இல்லையென்றால் அவர் குற்றவாளி அல்ல, வெறும் பலியாள். பலியாளுக்குப் பரிகாரம் தேவைப்படாது.

மனைவியையோ குழந்தையையோ தீவிரவாதி கொன்றுவிட்டான் என்ற வழக்கமான தொடக்கம் இதனால்தான் உதவாது. அது பழிவாங்கும் கதைக்கு நல்ல விதை. நமக்கு வேண்டியது அவருக்குப் பிறர் செய்த தீங்கு அல்ல, பிறருக்கு அவர் செய்த தீங்கு.

உண்மை வரலாற்றில் இதற்கு மாதிரிகள் நிறைய. 1973 ஜூலை 21 அன்று நார்வேயின் லில்லஹாமர் நகரில் இஸ்ரேலிய உளவு அமைப்பான மொசாட்டின் குழு ஒரு மனிதரைச் சுட்டுக் கொன்றது. 1972 மியூனிக் ஒலிம்பிக்கில் இஸ்ரேலிய வீரர்கள் கொல்லப்பட்டதற்காக அவர்கள் தேடிக்கொண்டிருந்த அலி ஹசன் சலாமே என்று நினைத்தார்கள். கொல்லப்பட்டவர் மொராக்கோவிலிருந்து வந்து உணவகத்தில் வேலை பார்த்த அஹ்மத் புஷிக்கி. கர்ப்பிணி மனைவியின் கண்ணெதிரே விழுந்தார். ஆள் மாறாட்டம் என்று ஒரே சொல்லில் முடித்துவிடலாம். எழுத்தாளர் முடிக்கக் கூடாது. அந்தக் குழுவில் ஒருவருக்காவது 'இவன் அவனில்லை' என்று மனதில் பட்டிருந்தால்? பட்டும் வாயைத் திறக்காமல் இருந்திருந்தால்? உங்கள் நாயகன் அங்கே பிறக்கிறார்.

சிறிய சறுக்கல் பெரிய மரணமான கதையும் உண்டு. 2005 ஜூலை 22, லண்டன் ஸ்டாக்வெல் ரயில் நிலையத்தில் போலீசார் ஜான் சார்லஸ் டி மெனெஸெஸ் என்ற பிரேசில்காரரைச் சுட்டுக் கொன்றார்கள். முந்தைய நாள் குண்டு வைக்க முயன்றவர்களில் ஒருவன் என்று எண்ணிவிட்டார்கள். காலையில் அவர் வீட்டைவிட்டு வெளியே வந்தபோது கண்காணிப்பில் இருந்தவர் சிறுநீர் கழித்துக்கொண்டிருந்தார். அதனால் கேமராவில் பதிவு செய்ய முடியவில்லை. இப்படி ஒரு விவரத்தை நீங்களாகக் கற்பனை செய்திருந்தால் 'நம்பும்படி இல்லை' என்று சொல்லியிருப்பார்கள். குற்றத்தைத் திட்டமிடும்போது இந்த அளவுக்குக் கீழே இறங்கிச் சிந்தியுங்கள்.

இந்தக் கட்டுரை முழுக்க ஒரே எடுத்துக்காட்டை வைத்துக்கொள்வோம். கப்பல் நிறுவனக் குமாஸ்தா ஒருவர் நம் அதிகாரிக்குத் தகவல் தந்துவந்தார். ஆபத்து வந்தால் குடும்பத்தோடு வெளியேற்றுவதாக அதிகாரி வாக்குக் கொடுத்திருந்தார். குமாஸ்தா மீது சந்தேகம் விழுந்துவிட்டது என்று அதிகாரிக்குத் தெரியவந்த அன்று, தலைமையகம் 'இன்னும் 48 மணி நேரம்' என்றது. அவர் குமாஸ்தாவிடம் சந்தேகத்தைப் பற்றி மூச்சு விடவில்லை. சொன்னால் அடுத்த பட்டியல் கிடைக்காது. குமாஸ்தா கொல்லப்பட்டார். அதிகாரி அறிக்கையில் எழுதியது இரண்டே சொல்: 'தொடர்பு துண்டிக்கப்பட்டது'. ஏழு வருடமாக அந்தக் குடும்பம், அவர் எங்கோ ஓடிப்போய் உயிரோடு இருப்பதாக நினைத்துக் காத்திருக்கிறது.

இதில் குற்றம் ஒரு உணர்ச்சியாக மட்டும் இல்லை, கோப்பில் ஒரு காகிதமாகவும் இருக்கிறது. அதை யாராவது எடுத்துப் படிக்க முடியும், மறைக்க முடியும், திருத்த முடியும். உங்கள் கதையிலும் குற்றத்துக்கு இப்படி ஒரு தடயம் இருக்கட்டும். குரல் பதிவு, ரசீது, கையெழுத்து, எதுவானாலும் சரி.

இவர் யாருடைய ஆள்?

இங்கே எழுத்தாளர்கள் அதிகம் குழம்புகிறார்கள். உளவு அதிகாரி வேறு, ஏஜெண்ட் வேறு. அதிகாரி துறையின் ஊழியர். ஏஜெண்ட் என்பவர் அவரால் பழக்கப்படுத்தப்பட்டு உள்ளிருந்து தகவல் தரும் வெளி ஆள். தீவிரவாதக் குழுவின் நடுவில் பெரும்பாலும் ஏஜெண்ட்தான் உட்கார்ந்திருப்பார். அதிகாரி ஒரு தெரு தள்ளி, பொய்ப் பெயரில், அவரைக் கையாண்டுகொண்டிருப்பார். அதிகாரியே நேராகக் குழுவுக்குள் போய் அமர்வது காவல் துறை சார்ந்த ஊடுருவலில் அதிகம். எப்.பி.ஐ.யின் ஜோசப் பிஸ்டோன் 1976 முதல் 1981 வரை நகைத் திருடனாக நடித்து நியூயார்க் மாஃபியாவுக்குள் இருந்தார். அதற்காக ரத்தினக் கற்களைப் பற்றிப் படித்துக்கொண்டு போனார்.

கைது அதிகாரமும் இதோடு ஒட்டியது. பிரிட்டனின் எம்.ஐ.5, அமெரிக்காவின் சி.ஐ.ஏ., இந்தியாவின் ரா, ஐ.பி. ஆகிய உளவு அமைப்புகள் எவற்றுக்கும் கைது செய்யும் அதிகாரம் கிடையாது. எப்.பி.ஐ.க்கும், 2008இல் சட்டமியற்றி அமைக்கப்பட்ட இந்தியாவின் தேசியப் புலனாய்வு முகமையான என்.ஐ.ஏ.வுக்கும் உண்டு. உங்கள் ரா அதிகாரி விலங்கை எடுத்து மாட்டினால் விஷயம் தெரிந்த வாசகர் அங்கேயே புத்தகத்தை மூடிவிடுவார். அதிகாரம் இல்லாதது கதைக்கு லாபமும்கூட: கண்ணெதிரே குற்றவாளி இருந்தும் இன்னொரு துறைக்காரர் வரும்வரை காத்திருக்க வேண்டிய காட்சி தானாக அமைகிறது.

நம் எடுத்துக்காட்டில் அதிகாரி, பழைய இயந்திரங்களை வாங்கி விற்கும் வியாபாரியாகப் போகிறார். தூதரகப் பதவி இல்லை, ஆகவே தூதருக்குரிய சட்டப் பாதுகாப்பும் இல்லை. மாட்டினால் சிறை, அல்லது அதைவிட மோசம். தீவிரவாதிக்குப் பணம் போகும் நிறுவனத்தில் கணக்கு எழுதும் பெண் ஒருவர்தான் இவருடைய புதிய சோர்ஸ், அதாவது உள்ளிருந்து தகவல் தருபவர்.

இறந்த குமாஸ்தாவின் மகளே இந்தக் கணக்காளர் என்று வைக்கக் கை துறுதுறுக்கும். வேண்டாம். தற்செயல் ஒன்றை நாவலின் முதல் கால்பங்கில், நாயகனுக்குத் தொல்லை தரும் வகையில் மட்டும் அனுமதிக்கலாம். உறவு ஒன்றாக இருக்கத் தேவையில்லை. கோரிக்கை ஒன்றாக இருந்தால் போதும்.

பொய் வாழ்க்கையைக் கட்டுவது

புனைந்த அடையாளத்துக்கு நான்கு அடுக்கு: காகிதம், பை, மனிதர்கள், தொழில் அறிவு. காகிதம் என்றால் பாஸ்போர்ட், நிறுவனப் பதிவு, வங்கிக் கணக்கு. பை என்றால் சட்டைப்பையில் கிடக்கும் சில்லறைச் சாட்சிகள்: பேருந்துச் சீட்டு, மருந்துச் சீட்டு, பாதி கிழிந்த பில். மனிதர்கள் என்றால் 'ஆமாம், இவரைத் தெரியும்' என்று சொல்லக்கூடியவர்கள். கடைசி அடுக்கில்தான் பெரும்பாலான கதைகள் சோம்பல்படுகின்றன. இயந்திர வியாபாரி என்றால் லேத் மெஷினைத் தொட்டுப் பார்த்து 'பெட் தேய்ந்திருக்கு' என்று சொல்லத் தெரிய வேண்டும். அந்தத் தொழிலை நீங்கள் இரண்டு நாள் நேரில் போய்ப் பாருங்கள். துப்பாக்கி வகைகளைப் படிப்பதைவிட இது பலன் தரும்.

நேராக இலக்கு நகரில் போய் இறங்குவதும் தவறு. இஸ்ரேலிய ஒற்றர் எலி கோஹன் 1962இல் டமாஸ்கஸில் கால் வைப்பதற்கு முன், 1961இல் புவெனஸ் ஐரிஸில் சிரிய வம்சாவளி வியாபாரியாகத் தன்னை நிலைநாட்டிக்கொண்டார். அங்கே பழகிய சிரியர்களின் அறிமுகத்தோடுதான் டமாஸ்கஸ் போனார். 1965 ஜனவரியில் வானொலிச் செய்தி அனுப்பிக்கொண்டிருந்தபோது பிடிபட்டார். மே 18 அன்று தூக்கிலிட்டார்கள். ஆகவே உங்கள் நாயகனின் அறிமுகம் மூன்றாவது ஊரிலிருந்து வரட்டும். அறிமுகம் செய்துவைத்தவர் ஒன்றும் அறியாத நல்லவராக இருப்பது இன்னும் நல்லது. உண்மை வெளியானால் எதிரிகள் முதலில் அவர் வீட்டுக் கதவைத்தான் தட்டுவார்கள். நாயகன் தன்னையறியாமல் இரண்டாவது கடனை ஏற்றிக்கொள்கிறார்.

காலத்தைக் கவனியுங்கள். 2003 பிப்ரவரி 17 அன்று மிலான் தெருவில் அபு உமர் என்ற மதகுருவைச் சி.ஐ.ஏ. கடத்தியது. இத்தாலிய அரசு வழக்கறிஞர்கள் செல்பேசிப் பதிவுகளை வைத்தே குழுவைக் கண்டுபிடித்தார்கள்; 2009இல் 23 அமெரிக்கர்கள், ஆள் இல்லாமலேயே தண்டிக்கப்பட்டார்கள். 2010 ஜனவரியில் துபாய் ஓட்டலில் ஹமாஸ் இயக்கத்தின் மஹ்மூத் அல்-மப்ஹூ கொல்லப்பட்டபோது, கொலையாளிகளின் வரவு, போக்கு, வேடமாற்றம் எல்லாவற்றையும் சிசிடிவி காட்சிகளிலிருந்து துபாய் போலீஸ் தொகுத்து உலகத்துக்கே காட்டியது. கதை 2010க்குப் பின் நடந்தால் ஒட்டுமீசையும் மூன்று பாஸ்போர்ட்டும் செல்லாது. கைரேகை, முகப் பதிவு, பழைய சமூக ஊடகப் படம் எல்லாம் எதிரே நிற்கும். நேற்று வாங்கிய, எந்த வரலாறும் இல்லாத புதுச் செல்பேசியே ஒரு சந்தேகப் பொருள். இதெல்லாம் தலைவலி என்றால் கதையை 1980களுக்குக் கொண்டுபோய்விடுங்கள். அதில் வெட்கம் ஒன்றுமில்லை.

அடையாளத் திருட்டின் தார்மீக விலையையும் மறக்க வேண்டாம். பிரிட்டனில் ரகசியப் போலீசார் சிலர், இறந்துபோன குழந்தைகளின் பெயர்களில் அடையாளம் உருவாக்கிக்கொண்டார்கள். கண்காணித்த இயக்கங்களில் இருந்த பெண்களோடு பொய்ப் பெயரிலேயே உறவு வைத்தார்கள், பிள்ளை பெற்றுக்கொண்டவர்களும் உண்டு. இதை விசாரிக்க 2015இல் பொது விசாரணை அமைக்கப்பட்டது. நாயகன் பொய்ப் பெயரில் காதலிக்கும் கிளைக்கதையை வைக்கப்போகிறீர்கள் என்றால், அந்தப் பெண்ணின் பக்கத்திலிருந்து ஒரு அத்தியாயமாவது எழுதுங்கள். எழுத வரவில்லை என்றால் காதலையே எடுத்துவிடலாம்.

தமிழில் எழுதுவோருக்குக் கையிலேயே ஒரு கருவி இருக்கிறது: நீ, நீங்கள், அவன், அவர். மேலதிகாரியாகப் பழகிய மனிதர் லாரிக்காரர் வேடத்தில் யாரையும் 'நீ' என்று கூப்பிடும் வேகத்திலேயே மாட்டிக்கொள்வார். வசனத்தில் மரியாதை விகுதி ஒருமுறை வழுக்கட்டும். எதிரே இருப்பவர் ஒன்றும் சொல்லாமல் டீயைக் குடித்து முடிக்கட்டும்.

எதிரியைத் தேடும் பாதை

பெரிய தலைவனை யாரும் நேரடியாகக் கண்டுபிடிப்பதில்லை. அவன் தவிர்க்க முடியாத ஏதோ ஒன்றைப் பின்தொடர்கிறார்கள். தூதுவன், பணம், உடம்பு, குடும்பம் என்ற நான்கில் ஒன்று போதும். பின் லாடனைத் தேடியவர்கள் அவருடைய தூதுவரைப் பின்தொடர்ந்துதான் 2010இல் பாகிஸ்தானின் அப்போதாபாத் வீட்டுக்கு வந்தார்கள். பெரிய வீடு, ஆனால் தொலைபேசியும் இணையமும் இல்லை. குப்பையை வெளியே போடாமல் உள்ளேயே எரித்தார்கள். மறைந்துகொள்வதற்காகச் செய்ததே அடையாளமாகிவிட்டது. கார்லோஸ் என்ற பெயரில் பேர்போன தீவிரவாதி இலிச் ராமிரெஸ் சான்செஸ், 1994 ஆகஸ்டில் சூடானில் பிடித்துக்கொடுக்கப்பட்டது ஒரு சிறிய அறுவைச் சிகிச்சைக்குப் பிறகு ஓய்வில் இருந்தபோது. கொள்கை எவ்வளவு பெரிதானாலும் உடம்புக்கு வைத்தியர் வேண்டும்.

உறுதி என்பது இந்தத் தொழிலில் கிடைக்காத பண்டம். அப்போதாபாத் வீட்டில் இருப்பது அவர்தானா என்பதற்கு, ஆய்வாளர்கள் தந்த மதிப்பீடு 40 சதவீதத்திலிருந்து 95 சதவீதம் வரை ஆளுக்கு ஆள் மாறியது. 2011 மே 1 இரவு ஹெலிகாப்டர் கிளம்பியபோதும் அப்படித்தான். உங்கள் கதையில் 'அவன்தான், நூறு சதவீதம்' என்று யாராவது சொன்னால் அந்த ஆளைச் சந்தேகத்துக்குரியவராக ஆக்குங்கள்.

திருக்குறளின் 59ஆம் அதிகாரமான ஒற்றாடல் இங்கே பாடப்புத்தகம் போலவே பயன்படும். ஒருவரை ஒருவர் அறியாத ஒற்றர் மூவர் சொல்வது ஒத்துப்போனால்தான் நம்பு என்கிறது 589ஆம் குறள். 2003 பிப்ரவரி 5 அன்று அப்போதைய அமெரிக்க வெளியுறவு அமைச்சர் காலின் பவல் ஐ.நா.வில் பேசிய ஈராக்கின் நடமாடும் கிருமி ஆயுதக் கூடங்கள், முக்கியமாக 'கர்வ்பால்' என்ற சங்கேதப் பெயர் கொண்ட ஒரே ஆளின் வார்த்தையை நம்பியவை. அவர் சொன்னது பொய். கதையில் மூன்று தகவல் வரட்டும்: முதலிரண்டும் பொருந்தட்டும், மூன்றாவது சற்றே விலகட்டும். அவசரத்தில் தலைமையகம் மூன்றாவதைத் தள்ளிவிடட்டும்.

சோர்ஸை அதிகம் நம்புவதற்கும் விலை உண்டு. 2009 டிசம்பர் 30, ஆப்கானிஸ்தானின் கோஸ்த் அருகே சி.ஐ.ஏ. தளம். அல் கொய்தா தலைவர்களில் ஒருவரான ஐமன் அல்-ஜவாஹிரியிடம் கொண்டுசேர்ப்பார் என்று நம்பப்பட்ட ஜோர்டானிய மருத்துவர் ஹுமாம் அல்-பலாவியை, மரியாதை கருதிச் சோதனை செய்யாமலே உள்ளே விட்டார்கள். உடம்பில் கட்டிய குண்டை அவர் வெடிக்கவைத்தார். சி.ஐ.ஏ. தரப்பில் ஏழு பேர் இறந்தார்கள். அவரைப் பற்றி முன்கூட்டியே வந்த எச்சரிக்கை ஒன்று மேலிடத்துக்குப் போய்ச் சேரவே இல்லை. சோர்ஸைச் சந்தேகித்தால் இழப்பு, நம்பினாலும் இழப்பு என்ற இந்த இடுக்கில்தான் நம் கணக்காளர் வந்து நிற்க வேண்டும். அவர் இரட்டை வேடமா என்று வாசகர் பாதி நாவல் வரை சந்தேகப்படட்டும்.

'தெரிந்த ஆள்தானே, ஏன் பிடிக்கவில்லை?' என்ற கேள்விக்கும் பதில் தயாராக இருக்கட்டும். ஒருவரை 24 மணி நேரமும் பின்தொடர இருபது முப்பது பேர் வரை தேவைப்படும்: முறை மாற்றி முறை, நடந்து சிலர், வண்டியில் சிலர், பதிவு எழுத ஒருவர். 2017 மான்செஸ்டர் குண்டுவெடிப்புக்குப் பின் பிரிட்டிஷ் அரசு தரப்பில் வெளியான கணக்கு: தீவிரக் கவனத்தில் 3,000 பேர், முன்பு கவனத்தில் இருந்தவர்கள் 20,000 பேர். பட்டியலில் இருப்பதும் கண்காணிப்பில் இருப்பதும் ஒன்றல்ல. நாயகன் தனியாக நாள் முழுக்க ஒருவனைப் பின்தொடரும் காட்சியை எழுதினால், மூன்றாவது திருப்பத்தில் அவர் மாட்டிக்கொள்வதாக முடியுங்கள்.

எதிரியை எழுதுவது

உச்சக்கட்டத்தில் இரண்டு பக்கம் கொள்கை பேசும் தீவிரவாதியை நீக்குங்கள். அவனுக்கு ஒரு அன்றாடம் கொடுங்கள்: எப்போது தூங்குகிறான், யார் சமைத்ததைச் சாப்பிடுகிறான், எந்தச் செய்தியைத் தானே படிக்காமல் படிக்கச் சொல்லிக் கேட்கிறான். அவன் வாயில் ஒரு உண்மையாவது இருக்கட்டும், நாயகன் மறுக்க முடியாத உண்மை. அதோடு, அவன் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறானோ அதே சமூகத்திலிருந்து குறைந்தது மூன்று பேரை வேறு வேறு நிலைப்பாட்டில் வையுங்கள். கணக்காளர் அவர்களில் ஒருவர். இல்லையென்றால் ஒரு ஆளைத் தேடும் கதை ஒரு சமூகத்தையே கூண்டில் ஏற்றும் கதையாகிவிடும். இது தார்மீகக் குறை மட்டுமல்ல. யார் எதிரி என்று வாசகர் பெயரைப் பார்த்தே ஊகித்துவிடுவார், மர்மம் செத்துவிடும்.

வெடிகுண்டு செய்யும் விவரம் வேண்டவே வேண்டாம். கதைக்குத் தேவை அது எங்கே, எப்போது, யாருக்குத் தெரியும் என்பது மட்டும்.

இரண்டு கதையையும் முடிச்சுப் போடும் இடங்கள்

40 அத்தியாயக் கணக்கில் சொல்கிறோம். முதல் நான்கில் வேட்டை தொடங்கட்டும். பழைய குற்றத்தின் விளைவு மட்டும் தெரியட்டும்: வேறொரு சோர்ஸுக்கு வாக்குக் கொடுக்க வேண்டிய இடத்தில் அவர் பேச்சை மாற்றுகிறார். ஏன் என்று சொல்லாதீர்கள். ஒன்பதாவதில் கணக்காளர் நாயகனை முதல்முறையாகச் சந்திக்கிறார். பதிமூன்றில், பழைய அறிக்கையின் அந்த இரண்டு சொல் வாசகர் கண்ணில் படட்டும். அர்த்தம் புரியக் கூடாது. இருபதில் முழுக் குற்றமும் வெளியே வரட்டும். வாக்குமூலமாக அல்ல, வேறொருவர் கோப்பைப் படித்துவிட்டுக் கேட்கும் கேள்வியாக. நினைவுக்காட்சி மொத்தமே 3,500 சொல்லைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அதையும் மூன்று துண்டாக்குங்கள்.

முப்பத்தொன்றில் அதே கேள்வி திரும்புகிறது. கணக்காளர் கேட்கிறார்: 'என்னை இன்று ராத்திரியே வெளியே கொண்டுபோங்கள்.' அவர் மீது சந்தேகம் விழுந்துவிட்டது. தலைமையகம் மறுபடி 48 மணி நேரம் கேட்கிறது. அதற்குள் தூதுவன் தலைவனிடம் போவான். நாயகன் இந்த முறை அவளை வெளியேற்றுகிறார். தூதுவன் உஷாராகிறான், தலைவன் இடம் மாறுகிறான்.

இங்கேதான் பலர் கை நடுங்குகிறது. அடுத்த பக்கத்திலேயே கணக்காளர் நன்றியோடு ஒரு பென் டிரைவை நீட்டி எதிரியின் முகவரியைக் கொடுத்துவிடுவார். அப்படிச் செய்தால் அவருடைய முடிவு தியாகமாக இல்லாமல் நல்ல முதலீடாகிவிடுகிறது. இழப்பு குறைந்தது நான்கு அத்தியாயம் இழப்பாகவே நிற்கட்டும். எதிரி தப்பியதால் எங்கோ யாரோ பாதிக்கப்பட்டால் அதையும் மறைக்காதீர்கள். 'சரியானதைத்தான் செய்தாரா' என்று வாசகர் சண்டை போட்டால் நாவல் வென்றது. கடைசியில் எதிரி பிடிபடுவது, ஆறாவது அத்தியாயத்திலேயே விதைத்து எல்லோரும் மறந்துபோன வேறொரு நூலால் இருக்கட்டும். உடம்பு சம்பந்தப்பட்டது நன்றாகப் பொருந்தும்: மாதாமாதம் வாங்கும் ஒரு மருந்து.

பரிகாரம் அதற்கும் அப்பால். குமாஸ்தாவின் குடும்பத்துக்கு அவர் தர வேண்டியது மன்னிப்புக் கடிதம் அல்ல, ஒரு தகவல்: உங்கள் அப்பா ஓடிப்போகவில்லை, இறந்துவிட்டார், இன்ன தேதியில். அதைச் சொல்வது ரகசியக் காப்பு விதிகளை மீறுவது. வேலை போகும், வழக்கு வரும். சொல்கிறார். குடும்பம் மன்னிக்க வேண்டிய கட்டாயம் இல்லை. மகள் கேட்கக்கூடிய ஒரே கேள்வி 'ஏழு வருஷமா ஏன் சொல்லலை?' என்பதாக இருக்கலாம். நாயகனைக் குண்டடிபட்டுச் சாகவைத்துக் கணக்கை முடிப்பது மலிவான வழி. செத்தவர் வழக்குக்கும் போக வேண்டாம், அந்தக் கேள்விக்கும் பதில் சொல்ல வேண்டாம்.

காட்சிகளில் வரும் சில்லறைத் தவறுகள்

சோர்ஸைச் சந்திக்கும் காட்சி நலம் விசாரிப்பில் தொடங்காது. எவ்வளவு நேரம் இருக்கிறது, வரும் வழியில் யாராவது பின்னால் வந்தார்களா, இப்போது பேச்சு முறிந்தால் அடுத்து எங்கே எப்போது என்ற மூன்றும் முதலில் முடியும். அப்புறம்தான் தகவல். வீட்டு விஷயம் கடைசியில், நேரம் மிஞ்சினால். நேரமில்லாமல் அதை மூன்று சந்திப்பில் தொடர்ந்து தவறவிட்டால் கணக்காளரின் நம்பிக்கை எப்படித் தேய்கிறது என்பதைத் தனியாக விளக்க வேண்டியதில்லை.

அடித்து உண்மையை வரவழைக்கும் விசாரணைக் காட்சி திரையில் வேகமாக இருக்கும். நடைமுறையில் அது பொய்யையும் அதே வேகத்தில் வரவழைக்கும். சித்திரவதையில் இப்னு அல்-ஷேக் அல்-லிபி சொன்ன ஈராக்–அல் கொய்தா தொடர்பு, பவலின் அதே ஐ.நா. உரையில் இடம்பெற்றது, பின்னால் அவர் அதை மறுத்துவிட்டார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் விமானப்படையின் ஹன்ஸ் ஷார்ஃப், கைதிகளோடு இயல்பாகப் பேசியும் உலாவியும் தகவல் எடுப்பதில் பேர்போனவர். எல்லாம் ஏற்கெனவே தெரிந்தது போலப் பேசுவார்; எதிரே இருப்பவர் தான் புதிதாக ஒன்றைச் சொல்லிவிட்டதே தெரியாமல் எழுந்து போவார். இப்படி ஒரு காட்சியை எழுதுவது கடினம், ஆனால் படித்தவர் மறக்க மாட்டார்.

ஒரு பொத்தானை அழுத்தி நகரத்தின் எல்லாக் கேமராவையும் திறக்கும் கணினி இளைஞர் வேண்டாம். மேலதிகாரி எப்போதும் ஊழல்வாதியாக இருப்பதும் சலித்துப்போன வழி. அவர் கேட்கும் 48 மணி நேரத்துக்கு நியாயமான காரணம் இருந்தால் நாயகனின் மீறல் கனம் பெறும்.

கதை நடுவே நாலைந்து அறிக்கைகளைச் சேர்க்கலாம். ஒவ்வொன்றும் 120 சொல்லுக்குள், உணர்ச்சி இல்லாத அலுவல் நடையில், நேரம் 24 மணிக் கணக்கில். முதல் அறிக்கைகளில் நாயகன் எதையெல்லாம் எழுதாமல் விடுகிறார் என்பதை, முந்தைய காட்சியைப் படித்த வாசகர் கவனிப்பார். கடைசி அறிக்கையில் எதையும் விடாமல் எழுதுகிறார் என்றால் அவர் மாறியதற்கு அதுவே போதும்.

முடிவில் பதக்கம், விழா, கைதட்டல் எதுவும் வேண்டாம். ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்தால் மறைவைத் தானே வெளிப்படுத்தியதாகும் என்று 590ஆம் குறளே தடுத்திருக்கிறது.

திருத்தும்போது

அச்செடுத்த பிரதியில் வேட்டைப் பக்கங்களை ஒரு நிறத்திலும் பரிகாரப் பக்கங்களை இன்னொரு நிறத்திலும் ஓரக்கோடு போடுங்கள். பாதிக்குமேல் இரண்டு கோடும் ஒரே பக்கத்தில் விழ வேண்டும். தொடர்ந்து முப்பது பக்கம் ஒரே நிறமாக இருந்தால் அங்கே கதை பிரிந்துவிட்டது. அடுத்து, பரிகாரப் பக்கங்களை மனதில் நீக்கிவிட்டு முடிவைப் பாருங்கள். எதிரி அதே இடத்தில் அதே விதமாகப் பிடிபடுகிறான் என்றால் முப்பத்தொன்றாம் அத்தியாயத்தை மறுபடி எழுத வேண்டும்.

அப்புறம் ஒரு தேதி அட்டவணை. இடப்பக்கம் நாயகன், நடுவில் எதிரி, வலப்பக்கம் தலைமையகம், நாளுக்கு ஒரு வரி. நேர வித்தியாசம் உள்ள இரண்டு நாடுகள் என்றால் இரண்டு நேரமும் எழுதுங்கள். எதிரிக்கு ஒரு செய்தி எந்த நாளில் தெரிந்தது, அதற்கு முன்பே அதன்படி நடந்துகொண்டானா என்ற பிழை இதில்தான் பிடிபடும். ஏழு வருட இடைவெளியையும் இதிலேயே சரிபாருங்கள்: குமாஸ்தா காணாமல் போனபோது மகளுக்கு எத்தனை வயது, இப்போது எத்தனை, அவள் நாயகனின் முகத்தை நினைவில் வைத்திருக்க முடியுமா. முடியும் என்றால் கதவு திறக்கும் காட்சியில் அவர் தன்னை அறிமுகப்படுத்திக்கொள்ளும் வசனத்தை வெட்டிவிடுங்கள்.